லெமுவல் டார்வருக்காக ஒடெசா பெட்டவே நடத்திய மேல்முறையீடு

இந்த அஞ்சலிக் கூட்டத்தின் மேடையில் வீற்றிருக்கும் பாஸ்டர் விதர்ஸ்பூன் அவர்களே, ஒடெசா அம்மையாரின் அன்புத் தங்கை வெர்னா அவர்களே, பிலாக்சி நகரத்து வழக்கறிஞர்களே, அம்மையாரின் வாதத்தால் வீடு திரும்பி இன்று குடும்பத்தோடு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

அரசுத் தரப்பில் வாதாடி ஓய்வுபெற்ற ஹார்லன் கிரென்ஷாவுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. என்னை அழைத்தவர் ஒடெசா அம்மையாரேதான்! மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி சொன்னார்: "ஹார்லன், என்னைப் பத்தி நீதான்பா பேசணும். வாழ்நாள்ல ஒரு தடவையாவது நீ என் பக்கம் பேசி நான் கேக்கணும்!"

சிரியுங்கள். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

ஏழைகளின் வழக்கறிஞர் என்று அவரைச் சொல்வது போதுமா? போதாது! யாரும் திரும்பிப் பார்க்காத ஏழைகளின் வழக்கறிஞர் அவர். இறால் படகுகளில் இயந்திரம் பழுதுபார்க்கும் லெமுவல் டார்வரைக் கேளுங்கள். சிறைத்தண்டனை முடிந்து, அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே இருந்தார். மறுபடி போதை மருந்தைத் தொட்டார். கண்காணிப்பு விடுதலை ரத்தானது. நீதிபதி நல்ல மனிதர். "உன் நல்லதுக்குத்தான் ரெண்டு வருஷம் போடறேன். உள்ள இருந்தாத்தான் உனக்கு முழுசா சிகிச்சை கிடைக்கும்" என்றார்.

நீதிமன்றமே தலையாட்டியது. நானும் ஆட்டினேன். லெமுவலின் மனைவி கோரா நிறைமாதக் கர்ப்பிணி. அவர் மட்டும் அழுதார்.

ஒடெசா அம்மையார் எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன், ஐயா! சிகிச்சைக்காக ஒருத்தரைச் சிறையில போடச் சட்டத்துல இடமில்ல." தண்டனை சொன்ன இடத்திலேயே எழுப்பாத ஆட்சேபத்தை மேல் நீதிமன்றம் லேசில் ஏற்காது. அன்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் மேல்முறையீடு நொண்டியிருக்கும்!

ஆனாலும் தண்டனை காத்திருக்குமா? மேல்முறையீடு நகர்வதற்குள் நாட்கள் கரைந்துவிடும். "நீங்க ஜெயிக்கறதுக்குள்ள அவர் தண்டனைய முடிச்சிட்டு வந்திருவாரு. எதுக்கு வீண் அலைச்சல்?" என்று நான் கேட்டேன். "அவன் பிள்ளை எழுந்து நடக்கறதுக்குள்ள அவன் வீட்ல இருக்கணும். அந்த அவசரம் உனக்குப் புரியாதுப்பா" என்றார். விரைந்து விசாரிக்கக் கோரி மனு மேல் மனு போட்டார்.

நியூ ஆர்லியன்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன்னால் நான் வாதிட்டேன்: "நீதிபதி கருணையோடுதான் பேசினார்." அம்மையார் மெல்லச் சொன்னார்: "கருணைதான், மறுக்கல. ஆனா அந்தக் கருணைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கு."



அன்று அவர் கார் மக்கர் செய்ததால் என் காரிலேயே ஊர் திரும்பினார். "தீர்ப்பு வர்ற வரைக்கும் நாம எதிரிங்கதான். ஆனா எதிரிக்கும் பசிக்கும்ல? வண்டிய நிறுத்து!" பொரித்த இறால் வைத்த ரொட்டியை இருவரும் சட்டையெல்லாம் சாஸ் வழியத் தின்றோம்.

தண்டனை ரத்தானது. வழக்கு அதே நீதிபதியிடம் திரும்பி வந்தது. "நான் நல்லதுதாம்மா நினைச்சேன்" என்றார் அவர். "தெரியும் ஐயா. அதே நல்லதை இப்ப அவன் வீட்டுக்குப் பக்கத்துலயே செய்ங்க" என்றார் அம்மையார். உள்ளே இருந்த காலமே போதுமென்று லெமுவலை அன்றே அனுப்பினார் நீதிபதி. ஊரிலேயே சிகிச்சை எடுத்துத் தேறிய லெமுவல், இதோ, கோராவின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். அப்பாவின் கைகளை நோக்கி அந்தக் குழந்தை முதல் அடி வைத்ததை அம்மையார் நேரில் பார்த்தார். இதைவிட நிறைவு ஒரு வாழ்வுக்கு வேண்டுமா!

நண்பர்களே, அம்மையார் பாதியில் விட்ட மேல்முறையீடு ஒன்று இருக்கிறது. அதே போன்ற வழக்கு. சிறையில் இருப்பவரின் மனைவி திருமதி யோலாண்டா பிக்கெட் இங்கே வந்திருக்கிறார். அவர் கணவருக்காக நான் ஆஜராவதாக இன்று காலை நீதிமன்றத்தில் பதிவு செய்துவிட்டேன்.

சற்றுமுன் வாசலில் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நீங்க இத்தனை நாளும் அந்தப் பக்கம் இருந்தவரு. உங்களுக்கு இந்த வேலை வருமா?" என்று கேட்டார்.

"ஒடெசா அம்மாகிட்ட தோத்துத் தோத்துக் கத்துக்கிட்டதும்மா," என்றேன். "நல்லாவே வரும்."