மூட்டைக்கு வைத்த ஸ்பிரிங்

குமராட்சியில் சிதம்பரம் மினிபஸ் கிளம்பாமல் நின்றது. டிரைவர், கண்டக்டர், ஜன்னலோரம் டிக்கெட் வாங்கிவிட்ட ஒரு புதுப்பெண், வெளியே பைக்கோடு அவள் புருஷன், நான். மொத்தம் ஐந்து பேர்.

"நெல்லு மூட்டைன்னா இவரு வண்டி மெத்துன்னு போவுது. நான் ஏறுனா மட்டும் தூக்கித் தூக்கிப் போடுது" என்றாள் அவள்.

"உங்கம்மா ஊட்டுல நீ பஸ்லயும் நான் வண்டியிலயும் போய் எறங்குனா, சண்டைன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"நெனைக்கட்டும். இடுப்பு என்னுது."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "மச்சான், பின்னாடி ஸ்பிரிங்கை மூட்டைக்கு டைட்டா வச்சிருக்க. தங்கச்சிக்குக் கொறச்சு வையி."

"நாளைக்கு மறுபடி மூட்டை ஏத்தணும் மச்சான்."

"அப்ப மூட்டையையே எங்கம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவன் ஸ்பேனரை எடுத்து ஒரு பக்கம் இரண்டு படி இறக்கினான். மறுபக்கத்தை மறந்துவிடுவானோ என்று நான் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, அதையும் இறக்கினான்.

அவள் பஸ்ஸை விட்டு இறங்கி, பின்சீட்டில் உட்கார்ந்து இரண்டு தரம் குலுங்கிப் பார்த்தாள். "ம், போங்க."

முதல் பள்ளத்தில் வண்டி மெத்தென்று இறங்கி ஏறியது. அவள் கை அவன் தோளுக்குப் போனது.

"தங்கச்சி, பாக்கி" என்று கண்டக்டர் சில்லறையை நீட்டிக் கத்தினார். அவள் திரும்பவே இல்லை.

அவள் சீட்டிலேயே விட்டுப்போன டிக்கெட்டுக்குப் பின்னால் அவர் எழுதிக் கொடுத்திருந்த பாக்கி, ஆறு ரூபாய்.