பன்னிரண்டு சாவிகளும் ஒரு தலைகீழ் மடிப்பும்

தப்பு என்றால் தாட்சண்யமே பார்க்காத எங்கள் தங்கத் தலைவி அவர்களே! பூட்டை வெட்டிப் புண்ணியம் கட்டிக்கொண்ட தீயணைப்புப் பெருமக்களே! இரும்பு அலமாரியைத் திறந்து எங்களை எங்களிடமே ஒப்படைத்த தொழிலாளர் துறை அதிகாரி அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் ஆயிரம் வேலையுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! என்னோடு வெந்து என்னோடு வென்ற என் பதினொரு சகோதரிகளே! இந்த இஸ்திரிக்காரியின் வணக்கம்!

எனக்கு மேடை புதிது, மைக் புதிது, கட்டியிருக்கும் சேலையும் புதிது. வாய் மட்டும்தான் பழையது. அதை நாலு வருஷம் மூடி வைத்திருந்தேன். ஆகவே, அண்ணே, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்!

இன்று எங்கள் சொந்தச் சலவைக்கூடத்துக்குத் திறப்பு விழா. கதவு திறப்பது எவ்வளவு பெரிய விழா என்று எங்களைக் கேளுங்கள். பழைய சலவைக்கூடத்தில் ஹோட்டல் படுக்கை விரிப்புகள் போக வர ஒரு ஜன்னல் இருந்தது. ஆள் போக வர வழியில்லை. கடல் தாண்டிப் பிழைக்க வந்த பன்னிரண்டு பெண்கள் நாங்கள். பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில். நாங்கள் உள்ளே. பூட்டு வெளியே.

சீட்டு எழுதி மூட்டைக்குள் வைக்கக் கூடாதா என்று கேட்கிறார் அந்தத் தம்பி. வைத்தோமே ராசா! முதலாளி மூட்டையைப் பிரித்துப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றுவார். சீட்டு அகப்பட்டது. இரண்டு நாள் சோறு அகப்படவில்லை.

ஒருநாள் எங்களில் இளையவள், ஒல்லி என்று நாங்கள் கூப்பிடுகிறவள், நீராவி இஸ்திரியில் கையை விட்டுவிட்டாள். தோல் வழன்று போயிற்று. டாக்டரிடம் காட்டுங்கள் என்று காலில் விழுந்தோம். முதலாளி சொன்னார்: "உங்க ஆளுங்களுக்குத் தோல் தடிப்பு. சூடெல்லாம் தெரியாது. தானா ஆறிடும்."

கேட்டீர்களா சபையோரே? கறுத்த தோலுக்குச் சூடு தெரியாதாம்! தீக்கு நிறம் தெரியுமா? வலிக்கு நிறம் தெரியுமா? பெற்ற வயிறு பற்றி எரியும்போது, அது எந்த நிறத்தில் எரியும்? அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. தீரவும் வேண்டாம்!

எங்களில் ஒருத்திக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். மாதத்துக்கு ஒரு வார்த்தை பேசினால் அதிகம். அன்று வாயைத் திறந்தாள்: "தப்பா மடிப்போம்."

விரிப்பை மடித்தால் தையல் ஓரம் உள்ளே போக வேண்டும், நல்ல பக்கம் வெளியே தெரிய வேண்டும். நாலு வருஷத்தில் ஒரு விரிப்புகூட நாங்கள் மாற்றி மடித்ததில்லை. அன்று அத்தனையையும் தலைகீழாக மடித்தோம். சீட்டைத் தேடுகிற கண்ணுக்கு மடிப்பா தெரியும்? மூட்டை போய்விட்டது.

அங்கே ஹோட்டல் துணி அறையில் ஒரு மேற்பார்வையாளர். விறைப்பென்றால் அப்படி ஒரு விறைப்பு. பார்த்திராத எங்களுக்கே, முதலாளியின் போனில் அவர் போடும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கும். நாங்கள் வைத்த பெயர் கஞ்சிக்காரி. அவர்தான் இதோ, இன்றைய தலைவர்! முறைக்காதீர்கள் அம்மா, கூட்டம் கை தட்டுகிறது பாருங்கள்!

தலைகீழ் மடிப்பைப் பார்த்ததும் போன் செய்தார். முதலாளி குழைந்தார்: "அதுங்க புத்தி அவ்வளவுதான் மேடம். அந்த இனமே அப்படி, சொன்னா ஏறாது."

அங்கேதான் ஐயா அவர் மாட்டிக்கொண்டார்! கஞ்சிக்காரி அம்மா கேட்டார்: "நாலு வருஷம் தப்பாத கை ஒரே நாள்ல எப்படிய்யா தப்பும்? நானே வர்றேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குச் சண்டைக்கு வந்தார். உள்ளே இயந்திரம் ஓடுகிறது, வெளியே பூட்டுத் தொங்குகிறது. கதவில் காதை வைத்தார். "உள்ள ஆள் இருக்கீங்களா?" என்றார். பன்னிரண்டு பேரும் கதவைத் தட்டினோம். எத்தனை நாள் தட்டு அது! உடனே தீயணைப்புக்கும் தொழிலாளர் துறைக்கும் போன் போட்டுவிட்டு, முதலாளி வந்து கெஞ்சியும் வாசற்படியைவிட்டு நகரவில்லை.

பூட்டு அறுந்தது. வெயில் உள்ளே வந்தது. கூடவே அம்மா வந்தார். வந்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "யாருடி அது தலைகீழா மடிச்சது?"

பன்னிரண்டு கைகளும் உயர்ந்தன. ஒல்லியின் கட்டுப்போட்ட கையும் உயர்ந்தது. அதைப் பார்த்தார். அந்த விறைப்பெல்லாம் எங்கே போயிற்றோ, அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

அங்கே முன்வரிசையில் விசில் அடிப்பது யார்? அவளேதான்! அந்தக் கையாலேதான்!

புதுக் கதவுக்குப் பன்னிரண்டு சாவி கேட்டேன். சாவிக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒரு கடைக்கு எதுக்கும்மா இத்தனை சாவி?" என்றார். சகோதரிகளே, எடுங்கள் சாவியை, ஆட்டுங்கள்! அவர் காதில் விழட்டும்!

இன்னும் எத்தனையோ கதவுகளில் வெளியே பூட்டுத் தொங்குகிறது. உங்கள் வீட்டுக்கு வரும் துணியில், பொருளில் ஒரு தப்பு தெரிந்தால், அந்த இனமே அப்படி என்று எவனாவது சொன்னால், நம்பாதீர்கள். கஞ்சிக்காரியைப் போலக் கோபப்படுங்கள். கிளம்பிப் போய்க் கதவைத் தட்டுங்கள்!

நிறைவாக, எங்கள் சலவைக்கூடத்தின் முதல் விரிப்பை, நானே மடித்ததைத் தலைவருக்குப் பரிசளிக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. எப்படி மடித்திருக்கிறேன் என்று... ஐயோ, பாருங்கள் ஜனங்களே! மேடையென்றும் பாராமல் பிரித்துத் திருப்பி மடிக்க ஆரம்பித்துவிட்டார்!

அவர் மடித்து முடிக்கட்டும். அந்தக் கைக்கும், வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. கதவு திறந்திருக்கிறது, உள்ளே வாருங்கள். வணக்கம்!