பதினெட்டு நாள் தண்ணீர்

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டினால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அன்றைக்குப் போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். அந்த வலி இன்னும் விடவில்லை. சாய்ந்து உட்கார நாற்காலி கொடுத்தீர்கள் ஐயா, நல்லது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கட்டட மேஸ்திரி. என் கையால் போட்ட கான்கிரீட் எதுவும் தேதியில்லாமல் இருக்காது. ஈரம் காய்வதற்குள் கரண்டி நுனியால் தேதியைக் கீறிவிடுவேன். கான்கிரீட் இறுக எத்தனை நாள் தண்ணீர் விட்டோம், இன்னும் எத்தனை நாள் விட வேண்டும் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். பேனா பிடித்து எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது. தேதி மட்டும் தானாக வரும். கடைசியில் என்னைக் கெடுத்தது அதுதான்.

எங்கள் அப்பா அம்மா இருவரும் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். ஒரே வருடத்தில் இருவரும் போனார்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு நாலு. அவனை ஒரு தோளிலும் கல்லை மறு தோளிலும் வைத்துத்தான் வளர்த்தேன். இடது தோள் இன்றைக்கும் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும், பாருங்கள். அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது நான். கல்யாணம் செய்து வைத்தது நான். அவன் பெண்டாட்டி எங்களிடம் சித்தாளாக மண் சுமந்தவள்தான். நல்ல உழைப்பாளி. என்னை மாமா என்று கூப்பிடுவாள், தட்டில் எனக்குத்தான் முதலில் போடுவாள்.

போன மாதம் சைட்டில் ஒரு கூரைத் தளம் இடிந்து இறங்கியது. கீழே இருந்த ஒரு சித்தாள் செத்துப்போனாள். தளத்தைக் கீழிருந்து தாங்குகிற முட்டு பதினான்கு நாள் நிற்க வேண்டும். அடுத்த மாடிக்குப் பலகை இல்லை, காண்டிராக்டர் அவசரப்படுத்தினார், பதினொன்றாம் நாளே பிரிக்கச் சொன்னேன். எத்தனையோ தளத்தை அப்படிப் பிரித்திருக்கிறேன், எல்லாம் நிற்கிறது. இது நிற்கவில்லை. பதினேழாம் தேதி திங்கட்கிழமை அதிகாரிகள் விசாரணைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை சாயங்காலம், ஆட்கள் போன பிறகு, நானும் தம்பியும் ஜெனரேட்டர் வைக்கிற மேடைக்குக் கான்கிரீட் போட நின்றோம். தரையில் ஒரு குழி. ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி ஆழம். தம்பி உள்ளே இறங்கிக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை கேட்டா சொல்லிடுவேண்ணே" என்றான். "பதினொரு நாள்ல பிரிச்சோம்னு."

"பிரிச்சோமா, பிரிச்சேனா? யாரைச் சொல்லப் போற?"

"நீ சொன்னே, நான் பிரிச்சேன். ரெண்டு பேரும்தான். மூணு நாள் பாக்கி வெச்சோம்ணே. அந்த மூணு நாள்தான் அந்தப் பொண்ணைக் கொன்னுது."

"எனக்கு வேலை போயிடும்டா. ஜெயிலுக்குப் போவேன்."

"நானும்தானே வரேன். உன்னைத் தனியா விடுவேனா?"

சிரித்துக்கொண்டே சொன்னான். ஏதோ சினிமாவுக்குக் கூடவே வருகிறவன் மாதிரி. நாலு வயதிலிருந்து சுமந்தவனைக் காட்டிக்கொடுக்கப் போகிறோம் என்கிற வருத்தம் அந்த முகத்தில் துளிகூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடப்பாரை என் கையில் இருந்தது. அவன் கம்பியைப் பார்த்துக் குனிந்திருந்தான்.

ஒரு தடவைதான் அடித்தேன். பிறகு மிக்சரை ஓட்டினேன். "அண்ணே" என்று கேட்டது போல இருந்தது. மிக்சர் சத்தத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்டது என்றே எழுதிக்கொள்ளுங்கள். அதற்காக மிக்சரை நிறுத்தவில்லை. அந்த மேடைக்கு ஒன்பது மூட்டை சிமெண்ட் போதும். பத்துப் போட்டேன். தம்பிக்குக் குறை வைக்கக் கூடாது என்று பட்டது. மேலே மட்டம் பார்த்துத் தேய்த்துத் தேதி கீறினேன்.

மறுநாள் ஆட்களிடம், அவனுக்குக் காய்ச்சல், வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். வாரம் முழுக்கச் சைட் கொட்டகையில் தங்கிவிட்டுச் சனிக்கிழமைதான் அவன் வீட்டுக்குப் போவான், அதனால் பெண்டாட்டி தேடவில்லை. பதினைந்தாம் தேதி சனிக்கிழமை நானே போய் அவளிடம் சொன்னேன்: இன்றைக்குக் காலை வரைக்கும் வேலை செய்தான், விசாரணைக்குப் பயந்து பஸ் ஏறிவிட்டான், என் கண்ணால் பார்த்தேன் என்று. திங்கட்கிழமை விசாரணைக்கு வந்தவர்களிடம், முட்டைப் பிரித்தது தம்பிதான், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை என்றேன். ஓடிப்போனவன்மேல் எதைச் சொன்னாலும் ஒட்டும். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் மட்டும் நம்பவில்லை.

"அவரு ஓடறவரில்ல மாமா. ஓடியிருந்தா எங்கிட்டச் சொல்லிட்டு ஓடியிருப்பாரு. முட்டைப் பிரிச்சது அவருன்னா அவரு வாயால கேக்கணும்."

ஏரிக்கரையில் ஒரு குடியிருப்பு இருக்கிறது, நாற்பது வீடு, எல்லாம் ஆவியோடு பேசுகிறவர்களும் குறி சொல்கிறவர்களும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அங்கே கூட்டிப்போங்கள் மாமா என்றாள். யோசித்துப் பார்த்தேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. செத்தவன் பேசுவான் என்றால் கட்டட வேலைக்கு ஒருத்தனும் வரமாட்டான். ஆனால் அவன் செத்துவிட்டான், நிம்மதியாக இருக்கிறான் என்று யாராவது சொன்னால் அவள் தேடுவதை விட்டுவிடுவாள். அவள் நன்மைக்காகத்தான் சரி என்றேன்.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் சைட்டுக்குப் போய், தண்ணீர் நிற்க மேடைமேல் கட்டியிருந்த மண்பாத்தியை நிரப்பிவிட்டு, காண்டிராக்டரின் சின்ன லாரியை எடுத்துக்கொண்டு அவளைக் கூட்டிப்போனேன். வழியில் பன் வாங்கிக்கொடுத்தேன், அவள் சாப்பிடவில்லை.

குடியிருப்பு நான் நினைத்தது போல இல்லை. சாதாரண வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் என்ன பார்ப்பார்கள் என்று பலகை. எதிர்காலம் சொல்கிறவர் வீட்டுக் கூரை ஒழுகி ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பாசி. கைரேகை பார்க்கிறவர் கதவில் ஓர் அட்டை தொங்கியது: வெளியே போயிருக்கிறேன், எப்போது வருவேன் என்று தெரியாது. அதைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். பதினெட்டு நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். எனக்கும் மனசு லேசானது.

முகப்பில் பதிவு அறை. அங்கே ஒரு அம்மா சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செத்தவர் பெயர், உறவு, செத்த தேதி, மூன்றும் எழுதித் தர வேண்டும். இவள் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா தலையை ஆட்டினாள்.

"காணாமப் போனவங்களை நாங்க கூப்பிடறதில்லம்மா. போர்டுல போட்டிருக்கே."

"ஏங்க?"

"நாலு வருஷம் முன்னாடி ஒருத்தரைக் கூப்பிட்டோம். வந்தாரு, நல்லாப் பேசினாரு. பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டு அழுதாரு. அடுத்த வாரம் அந்த ஆளே நேர்ல வந்து நிக்கிறாரு, என் பேர்ல மன்னிப்புக் கேட்டது எவன்னு."

இவளுக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. ஓரமாகப் போய்க் குழாயில் தண்ணீர் குடித்தாள். நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

"செத்ததா எழுதிடலாம்மா. உயிரோட இருந்தா வரமாட்டான். அது நல்ல சேதிதானே?"

"உங்க கையால எழுதுங்க மாமா. என்னால அதை எழுத முடியாது."

எழுதினேன். பெயருக்குக் கொஞ்சம் திணறினேன். உறவு என்ற இடத்தில் பெண்டாட்டி, அண்ணன் என்று போட்டேன். தேதியை யோசிக்கவே இல்லை. கை போட்டுவிட்டது.

எங்களுக்குக் கிடைத்தவள் முன்பு தையல்காரியாக இருந்தவள். மூலையில் தையல் மிஷினைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். சீட்டைத் தள்ளிப் பிடித்து இரண்டு தடவை உரக்கப் படித்தாள்.

"பன்னெண்டாம் தேதி உடம்பை விட்டுப் போனவரே, உங்க வீட்டுக்காரியும் அண்ணனும் வந்திருக்காங்க. வாங்க."

என் காதுக்கு அது சரியாகப் பட்டது ஐயா. அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்தத் தேதியில்தானே அவன் போனான்? பக்கத்தில் இருந்தவளுக்கு அது சரியாகப் பட்டிருக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கணக்கில் அவன் பதினைந்தாம் தேதி காலையில் பஸ் ஏறியவன்.

தையல்காரி கண்ணை மூடிக்கொண்டு குரலை மாற்றினாள். கால் சில்லென்று இருக்கிறது என்றாள். இருட்டாக இருக்கிறது, ஆனால் நிம்மதி என்றாள். "அண்ணே, உன் மேல கோவமில்லை" என்றாள். எல்லோருக்கும் சொல்வதுதான் அது. இருந்தாலும் அவன் வாயால் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை, யாரோ ஒருத்தி சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

"முட்டைப் பிரிச்சது நீங்களா?" என்று இவள் கேட்டாள்.

"பழசையெல்லாம் விடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தத் தையல்காரி கண்ணைத் திறந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். இவள் சீட்டைத் திரும்பக் கேட்டு வாங்கினாள். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்றாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதை அவளாகவே கவனித்தாள். ஒரு மருந்துக் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்த் தைலம் வாங்கிவந்தாள்.

"ராத்திரி சூடு பறக்கத் தேச்சுக்குங்க மாமா. நாளைக்கும் வேலைக்குப் போகணும்ல?"

"போகாம? மேடைக்குத் தண்ணி விடணுமே."

"எந்த மேடை?"

"ஜெனரேட்டர் மேடை. நானே நின்னு போட்டது."

"ஆழமான வேலையா?"

"ரெண்டரை அடி."

"எத்தனை நாளாச்சு மாமா?"

"இன்னியோட பதினெட்டு. இன்னும் மூணு நாள் விட்டுட்டா எறும்புகூட உள்ள போக முடியாது."

பெருமையாகத்தான் சொன்னேன். சித்தாளாக இருந்தவள், தண்ணீர்க் கணக்குத் தெரிந்தவள், கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மடியில் விரலை மடக்கிக்கொண்டு வந்தாள். ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டேன். முப்பதிலிருந்து பதினெட்டைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். தூக்கம் வருகிறதா மாமா, கண்ணாடியை இறக்கிவிடட்டுமா என்றெல்லாம் கேட்டாள். வீட்டு வாசலில் இறங்கி, பார்த்துப் போங்க என்றாள். ஒரு வார்த்தை முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கலாம். நான் சொல்லியிருப்பேன். சொந்தக்காரியாக இருந்தும் அந்த மரியாதையை எனக்குத் தரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். நீங்கள் எல்லோரும் ஏற்கனவே நின்றிருந்தீர்கள். அவள் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பாத்தியைக் கையாலேயே உடைத்திருந்தாள், தண்ணீர் முழுக்க வடிந்து போயிருந்தது. நான் கீறிய பன்னிரண்டு நன்றாகத் தெரிந்தது. அதன் மேல் அந்தச் சீட்டை விரித்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்திருந்தாள்.

"தண்ணி விட வந்தீங்களா மாமா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை, ஒரு வசவு இல்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இரண்டு பேரை என் குடும்பம் என்று நினைத்தேன், இரண்டு பேரும் என்னைக் காட்டிக்கொடுத்தார்கள். ஒருத்தன் சிரித்துக்கொண்டே, ஒருத்தி தைலம் வாங்கிக்கொடுத்து. அந்தத் தைலம் இன்னும் திறக்காமல் என் பையில் இருக்கிறது. நீங்கள் எடுத்து வைத்த சாமான்களில் பாருங்கள்.

உடைத்து எடுக்க மதியம் வரை ஆனதாம், இரண்டு உளி போனதாம். உங்கள் ஆள்தான் சொன்னார். பதினெட்டு நாளிலேயே அவ்வளவு பலம். தம்பியைக் கைவிட்டவன் செய்கிற வேலை இல்லை அது. வெயில், மழை, ஞாயிறு என்று பார்க்காமல் ஒரு நாள் தவறாமல் போய் அவன் தலைக்கு மேல் தண்ணீர் நிறுத்தினேன். எந்த அண்ணன் செய்வான்?

அடித்தது நான். மூடியது நான். முட்டைப் பிரிக்கச் சொன்னதும் நான்தான், அவன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவள் கேட்டதற்கு அதுதான் பதில். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். தேதியையும் நானே போடுகிறேன்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. இருபத்தொரு நாள் விட வேண்டியதில் பதினெட்டு நாள்தான் விட முடிந்தது. தம்பிக்கு நான் இன்னும் தர வேண்டியது மூன்று நாள் தண்ணீர். வேறு எந்தப் பாக்கியும் இல்லை.