பிழையில்லாத பிரதி

பிரதிகள்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நான் கட்டியிருக்கும் கைக்கடிகாரமே ஒரு பிரதிதான். ஸ்படைனா வீதியில் ஒரு சீனக் கிழவரிடம் வாங்கியது. நாலு வருடமாக ஒழுங்காக ஓடுகிறது. ஆகவே, இரத்தினவேல் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

கடதாசியும் பேனையும் தந்ததற்கு நன்றி. வாயால் சொன்னால், உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு மொழிபெயர்க்க வந்திருக்கும் துர்க்கா என்ற பிள்ளை பாதியில் நிறுத்தி, "அங்கிள், கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ" என்கிறாள். எனக்கு மெதுவாகச் சொல்ல வராது. எழுதினால் நடுவில் எழும்பி நடக்கலாம். கதவிலிருந்து சுவர்வரை ஆறு எட்டு. அன்புராசா திங்கட்கிழமை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முதல் இதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

எனக்கு வயது ஐம்பத்துமூன்று. கொக்குவிலில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தேன். இங்கே ஸ்காபரோவில் கிழமை நாட்களில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு கடைகிறேன். சனிக்கிழமைகளில் ஒரு துவக்குக் கடையின் பின்னறையில் துப்பாக்கிகள் பழுது பார்க்கிறேன். எங்கள் ஆட்கள் தையல் மெசின் வாங்குவதென்றாலும் பழைய கார் வாங்குவதென்றாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். "இரத்தினவேல் அண்ணை பாத்தவரோ?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த மரியாதையை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அது இல்லாமல் இருக்கவும் எனக்குத் தெரியாது.

லீவர் துவக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். என்னிடம் இருப்பது அசல் அமெரிக்கச் சாமான். நூறு வயதாகப் போகிறது. இப்போது அதே உருவத்தில் வெளிநாடுகளில் செய்து இறக்குகிறார்கள். முப்பது பிரதிகளுக்கு மேல் திறந்து பார்த்திருக்கிறேன். மட்டமான மரத்துக்குச் சாயம் பூசியிருப்பார்கள். திருகாணிகளை ஒருமுறை கழற்றினாலே தலை கிழிந்துவிடும். வெளியே முகம் பார்க்கலாம் போல மினுக்கம், உள்ளே கையை வெட்டும் பிசிறு. நீதியாகச் சொன்னால் எல்லாம் குப்பை இல்லை. பத்தில் இரண்டு தேறும். கடைக்கு வருபவர்களிடம் இதைத்தான் சொல்வேன். அவர்களும் தலையாட்டிக் கேட்பார்கள்.

அன்புராசா மன்னார்ப் பக்கத்து ஆள். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை. அவனும் அவன் மனைவி கிளடிஸின் தம்பி யேசுரட்ணமும் ஊரில் காட்டுக்குப் போய்ப் பழகியவர்கள். இங்கேயும் பாடம் படித்து, சோதனை எழுதி, நவம்பரில் மான் வேட்டைக்குப் போகத் தொடங்கினார்கள். இந்த வருடம் செப்டெம்பரில் அன்புராசா ஒரு பிரதி வாங்கினான். எந்த நாட்டுச் சாமான் என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது. வாங்கும்முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒக்டோபரில் நகரத்துக்கு வெளியே, கிளப்பில், குறி பார்த்துச் சுடப் போனோம். ஆளுக்குப் பத்து வெடி. அவனுடைய பத்தும் ஒரு சோசருக்குள் அடங்கிக் கிடந்தன. என்னுடையவை கடதாசி முழுக்க ஊர்வலம் போயிருந்தன. அன்புராசா என் தோளில் கை போட்டான்.

"அண்ணை, உங்கட துவக்குக்கு வயசு போட்டுது. இனி அதைச் சுவரில மாட்டி மாலை போடுங்கோ."

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். யேசுரட்ணம் மட்டும் சிரிக்கவில்லை. என் துவக்குப் பெட்டியைக் கார்வரை தூக்கிக்கொண்டு வந்து, "உது சும்மா பகிடிக்குச் சொன்னது, அண்ணை. மனசில வைக்காதேங்கோ" என்றான். இருபத்தாறு வயது, நல்ல பிள்ளை. நான் மனதில் வைத்தேன். அன்று இரவும் அடுத்த ஐந்து இரவும் படுக்கையில் இருக்க முடியவில்லை. எழும்பி என் துவக்கைத் துடைத்தேன், திரும்பப் படுத்தேன், திரும்ப எழும்பினேன்.

ஆறாம் நாள் அன்புராசாவுக்குப் போன் எடுத்து, வெளிநாட்டுச் சாமான், காட்டுக்குக் கொண்டுபோக முதல் ஒருக்கால் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். அவனுக்குச் சந்தோசம். சனிக்கிழமை காலையில் கிளடிஸோடு வந்தான். ஒரு பெட்டி மீன் பணிஸும் கொண்டு வந்தார்கள்.

"நாட்டில துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச காசு குடுத்து வாங்கினம்" என்றாள் கிளடிஸ். "நீங்கள் வடிவாப் பாத்துக் குடுங்கோ அண்ணை. நீங்கள் பாத்தால் எனக்குப் பயமில்லை."

வடிவாகத்தான் பார்த்தேன். காலை பத்து மணிக்குக் கழற்றத் தொடங்கினேன். மரம் நல்ல மரம். திருகாணிகள் கிழியவில்லை. பிசிறு தேடி விரலை விட்டுத் தடவினேன், பிசிறு இல்லை. குழலை அளந்தேன், திரும்ப அளந்தேன், மூன்றாம் தரமும் அளந்தேன். சாப்பிடப் போகவில்லை. பின்னறையில் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இத்தனை வருடம் எத்தனை பேருக்கு என் வாயால் சொல்லியிருக்கிறேன். பின்னேரம் நாலு மணிவரை அதில் ஒரு குறையைத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அந்திக்கு அன்புராசா வந்தான். எல்லாம் சரி என்று சொல்லி, கடையின் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இனி ஒரு விசயத்தை விளக்க வேண்டும். துவக்கின் பின்னால் ஒரு குதிரை இருக்கிறது. அது விழுந்து அடித்தால்தான் தோட்டா வெடிக்கும். அதைப் பாதி இழுத்து நிறுத்தலாம். ஒரு சின்ன வெட்டு அதைத் தாங்கிக்கொள்ளும். பிரதிகளில் இதற்கு மேலதிகமாக ஒரு பூட்டுப் பொத்தானும் வைத்திருக்கிறார்கள். அன்புராசா அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. மன்னார்க் காட்டில் நாட்டு இடியன் துவக்கோடு போகிறவர்கள் குதிரையைப் பாதியில் நிறுத்திக்கொண்டுதான் நடப்பார்கள். முன்னால் இளையவன் கத்தியோடு முள் வெட்டி வழி எடுப்பான். துவக்குக்காரன் அவன் முதுகைப் பார்த்தபடி பின்னால் வருவான். இங்கே படித்த பாடமெல்லாம் சோதனை எழுதினதோடு சரி. இங்கும் அப்படித்தான் போகிறோம் என்று அன்புராசா எனக்குப் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

நவம்பர் இரண்டாம் கிழமை, ஈரப் பாறையில் அன்புராசா சறுக்கினான். குதிரை ஒரு மரத்தில் இடித்தது. யேசுரட்ணம் நாலடி முன்னால் நின்றான். அம்புலன்ஸ் வரும்வரை உயிர் இருக்கவில்லை.

சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். கிளடிஸ் அதன்பிறகு புருசனோடு பேசுவதில்லை என்று சொன்னார்கள். ஒருநாள் அன்புராசாவைப் பார்க்கப் போனேன். சவரம் செய்யாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"துவக்கில பிழை இல்லை, அண்ணை. நீங்கள் பாத்துச் சரியெண்டு தந்தனியள். என்ர கைதான் பிழை."

அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைத்துனன் செத்த பிறகும் இவன் அந்தத் துவக்குக்காகப் பேசுகிறானே என்றுதான் நினைத்தேன்.

போன கிழமை அவனுடைய சட்டத்தரணி உங்கள் நிபுணரின் அறிக்கையைக் காட்டி என் அபிப்பிராயம் கேட்டார். தாங்கும் வெட்டு பாவனையில் தேய்ந்திருக்கிறதாம். பொத்தானைப் போடாததும், ஆளை முன்னால் விட்டு நடந்ததும் அன்புராசாவின் கவனயீனமாம். மற்றப்படி துவக்கு உயர்ந்த தரமானதாம். இரண்டு மாதத்துத் துவக்கில் வெட்டு எப்படித் தேய்ந்தது என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த அறிக்கையை வாசித்த நாளிலிருந்து நான் ஒரு மணித்தியாலம் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

அந்த வெட்டை நான்தான் தேய்த்தேன். சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு, கடையில் யாரும் இல்லாத நேரம். வெடி வானத்துக்குப் போகும், அன்புராசா நாலு பேருக்கு முன்னால் வெட்கப்படுவான், அவ்வளவுதான் என்று நினைத்ததாக எழுதலாம். எழுதினால் இந்தப் பிள்ளை துர்க்காவும் நம்புவாள். ஆனால் தேய்க்கும்போதே, முன்னால் நடப்பவன் யார் என்று எனக்குத் தெரியும். யேசுரட்ணத்தின் முதுகு நினைவில் வந்தது. நான் கையை நிறுத்தவில்லை.

அன்புராசாவை விட்டுவிடுங்கள்; என்னை வைத்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் வந்தது அந்த அறிக்கையைத் திருத்துவதற்காக. அரத்தை நான் இழுத்தது பத்துத் தரம்கூட இராது. தரமான உருக்கு என்றால் அவ்வளவு சுகமாகத் தேய்ந்திருக்குமா? அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.