கூர்மூக்குக்குள் கடலைத் தொலி

மதியம் மூன்றரை மணி. ராத்திரி இல்லை, பட்டப்பகல். செப்டம்பர் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. டாட்டன் ஊரிலிருந்து கிழக்கே, இரண்டு பக்கமும் கடலைக்காடாகவே போகிற ஒற்றை ரோடு. பன்னிரண்டு மைலுக்கு ஒரு வீடு கிடையாது. செடிகளைப் பிடுங்கித் தலைகீழாகப் போட்டுக் காயவிட்டிருந்தார்கள். ஈரமண் வாடை. அந்த ரோட்டில்தான் வெர்லன் தன் லாரியை ஓரங்கட்டினான்...

"யாருடா அங்க நொறுக் நொறுக்னு? கடலையா? நாளைக்கு ரேஸை வச்சுக்கிட்டு, ரேஸ் மைதானத்துக்குள்ள நெருப்பைச் சுத்தி உக்காந்து கடலையா! தூக்கிப் போடுடா வெளிய. அப்பறம்தான் மிச்சக் கதையைச் சொல்லுவேன்."

போட்டாச்சா? சரி.

வெர்லன் வேறு யாருமில்லை. நெருப்புக்கு அந்தப் பக்கம் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே ஓடெல், அவனுடைய அக்காள் நடீனின் புருஷன். நான் சொல்வதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் ஓடெல் எழுந்து சொல்லட்டும்.

லாரிக்குப் பின்னால் இழுவை வண்டி. அதன்மேல் ஒரு கார். எழுபதாம் வருஷத்துக் கார். முன்னால் நீட்டிக் கூராக்கிய தகர மூக்கு, பின்னால் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் இறக்கை. காற்றைக் கிழித்துக்கொண்டு மணிக்கு இருநூறு மைல் போவதற்காகச் செய்த ராட்சசன். கதவின் மேலே 'கிளைட் லோமாக்ஸ்' என்று பெயர். ஓட்டுகிறவன் உட்காரும் பக்கம் அப்பளமாய் நொறுங்கிக் கிடந்தது. மூக்கில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

கிளைட் ரேஸ் ஓட்டும்போது அந்தக் காருக்குள்தான் செத்தான். அவன் பெண்டாட்டி ஹேஸல் அதைக் கொட்டகையில் போட்டுப் பூட்டினாள். இருபத்தாறு வருஷம் ஒரு ஆளைத் தொடவிடவில்லை. கடைசியில், பழைய ரேஸ் ஓட்டிகள் சங்கத்துக்குக் கொடுக்கச் சம்மதித்தாள். வெர்லன் லாரியை நிறுத்திய அன்றைக்கு மறுநாள் காலை பதினொரு மணிக்குச் சங்க மண்டபத்தில், எல்லோருக்கும் முன்னால் மூக்கைக் கழற்றித் துடைத்து, காட்சிக்கு வைக்கவேண்டும். கொட்டகைச் சாவியை வெர்லன் கையில்தான் கொடுத்தாள்.

"நீ கட்டின மூக்கு, தம்பி. நீயே கழட்டு. அன்னிக்கு அவருக்காக வாய்விட்டு அழுதவன் நீ ஒருத்தன்தான்."

அழுதானாம்! த்தூ... எதற்காக அழுதான் என்று கேளுங்கள்.

அந்த நாளில் வெர்லன் கிளைட்டிடம் தகரவேலைக்காரன். மூக்கை அடித்து உருவாக்கியவனே அவன்தான். பந்தயத்தன்று காலையில், பத்துப் பேர் பார்க்க, கிளைட் அவனை ஒதுக்கிவிட்டான்.

"தகரம் தட்டுறதோட நிறுத்திக்கடா. டயர் மாத்த வேகமான கை வேணும். உனக்கு இருக்கறது எருமைக் கை. நீ வேலிக்கு அந்தாண்ட நின்னு வேடிக்கை பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மைதான வாசலுக்குப் போய், ஒரு காகிதப்பை நிறைய அவித்த கடலை வாங்கினான். வேலியோரம் குந்தி, ஒவ்வொன்றாக நகத்தால் உரித்துத் தின்றான். தொலியைச் சேர்த்து வைத்துக்கொண்டான். வண்டியை வரிசையில் நிறுத்தப் போகிற சந்தடியில் வேலி தாண்டி வந்து, மூக்குக்கு அடியிலிருந்த திறப்பில் அத்தனையையும் கைவிட்டுத் திணித்தான்.

ரேஸ் காருக்குப் பக்கத்தில் கடலைத் தொலி கிடந்தால் அபசகுனம், விபத்து நிச்சயம் என்று நமக்குத் தெரியும். கிளைட்டுக்கு அந்தப் பயம் நம் எல்லோரையும்விட அதிகம். வீட்டுக்குள்ளேயே கடலையை விடமாட்டான். டயர் மாற்ற முதல் தடவை வண்டியை நிறுத்தி, இன்ஜின் முன்மூடியைத் திறந்ததும் தொலியைப் பார்ப்பான், கைகால் உதறும், அன்றைய பந்தயம் நாசமாகும். வெர்லன் நினைத்தது அவ்வளவுதான். ராசியைப் பற்றியே யோசித்த மடையன், காற்றைப் பற்றி யோசிக்கவில்லை! ரேடியேட்டருக்குக் காற்று போக அந்த மூக்கில் இருந்ததே அந்த ஒரு திறப்புதான். அதை வெட்டியதும் அவன் கைதான்.

முதல் நிறுத்தத்தில் டயரை மட்டும் மாற்றினார்கள். முன்மூடியை யாரும் திறக்கவில்லை. அறுபத்தொன்றாவது சுற்றில் இன்ஜின் கொதித்து வெடித்தது. எண்ணெய் தன் பின்டயரிலேயே கொட்டியது. வண்டி பக்கவாட்டில் போய்ச் சுவரில்...

பழி இன்ஜின் கட்டிய கிழவன் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு அவனை எவனும் வேலைக்குக் கூப்பிடவில்லை. குடித்தே செத்தான். வெர்லன் வாயே திறக்கவில்லை. இப்படியும் ஒரு மனுஷ ஜென்மம்.

அதனால்தான் அந்த ரோட்டில் நிறுத்தினான். நாளைக்கு ஹேஸலுக்கு முன்னால் மூக்கைக் கழற்றும்போது உள்ளே ஒரு தொலிகூட இருக்கக்கூடாது. இருபத்தாறு வருஷம்... பொடியாகியிருக்கும், ஊதினால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டான்.

திருகாணிகளைக் கழற்றினான். மூக்கை ஒரு சாண் முன்னால் இழுத்தான்.

முதலில் நல்ல வாசனைதான் வந்தது. உப்புத்தண்ணீரில் கடலை அவிகிற வாசனை. ஒரு நிமிஷம் அவனுக்கே நாக்கில் எச்சில் ஊறியதாம். பிறகு, அதற்கு அடியிலிருந்து இன்னொன்று எழுந்தது. விடியற்காலையில் பல் விளக்காத வாய். சொத்தைப்பல்... நாள்பட்ட எச்சில்.

கையை உள்ளே விட்டான்.

ஈரம். சூடு.

அள்ளி வெளியே எடுத்தான். தொலி. சற்று முன்தான் துப்பியது போலிருந்தது. கொழகொழவென்று விரலோடு விரல் ஒட்டியது. கோழை நூல்நூலாய் இழுபட்டது. கருமம்! அவன் திணித்தது ஒரு பை. ஒரு வாளி எடுத்தான், இரண்டு வாளி எடுத்தான், இன்னும் வந்தது. மூன்றாவது வாளியில்தான் அதைக் கவனித்தான். அவன் நகத்தால் உரிக்கிறவன். இந்தத் தொலி ஒவ்வொன்றும் பல்லால் கடித்து உடைத்தது. மேலே பல் தடம். நடுவில் ஒரு பல் இல்லை.

கிளைட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. மூக்கின் நுனியில், கை எட்டாத இருட்டில்...

க்றக்.

ச்சப்... ச்சப்...

த்தூ.

புறங்கையில் ஈரமாய் ஒன்று வந்து ஒட்டியது.

வெர்லன் ரோட்டோரம் குனிந்து காலையில் தின்றது, முந்தாநாள் தின்றது எல்லாவற்றையும் கொட்டினான். அப்படியே லாரியில் ஏறி ஓடியிருக்கலாம். நீங்களும் நானும் ஓடியிருப்போம். ஆனால் நாளைக்குப் பதினொரு மணி... ஹேஸல்... ஊர். பேய்க்குப் பயந்ததைவிட அவன் தன் பேருக்குத்தான் அதிகம் பயந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, தோள்வரை கையை விட்டான். கடைசித் தொலியைத் தேடித் துழாவினான்.

மெத்தென்று ஏதோ விரல்களைச் சுற்றி மூடிக்கொண்டது. ஈரமானது. மெதுவாக... சப்பியது.

வெடுக்கென்று உருவினான். விரல்நுனி நாலும் வெளுத்து, சுருங்கி, ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில் ஊறியது போலிருந்தன. உள்ளே சத்தம் நின்றுபோயிருந்தது. எட்டிப் பார்த்தான். வெறும் தகரம்.

தொலியையெல்லாம் கடலைக்காட்டில் கொட்டினான். கேன் தண்ணீரை ஊற்றி, சட்டையைக் கழற்றித் துடைத்து, மறுபடி ஊற்றித் துடைத்து, மூக்கைப் பூட்டினான். வீட்டுக்கு வந்தவனைக் கதவிலேயே நிறுத்தினாள் நடீன்.

"சீ, என்ன நாத்தம் இது? எந்தச் சாக்கடையில விழுந்து எந்திரிச்சு வர்ற? வெளியவே குளிச்சிட்டு உள்ள வா."

குளித்தான். மூன்று தடவை குளித்தான். சாப்பிடவில்லை.

மறுநாள் மண்டபம் நிறைய ஆள். ஓடெலும் இருந்தான். முன்வரிசையில் ஹேஸல், கிளைட்டின் பழைய தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. வெர்லன் திருகாணிகளைக் கழற்றி, மூக்கைத் தூக்கி மேஜைமேல் வைத்தான். உள்ளே கண்ணாடியாய்ப் பளபளத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். வெர்லனுக்கு உயிர் திரும்பி வந்தது.

ஹேஸல் எழுந்து வந்து மூக்குக்குள் குனிந்து பார்த்தாள்.

"இருபத்தாறு வருஷமா பூட்டிக் கெடந்தது. இவ்வளவு சுத்தமா இருக்கே... உள்ள ஏதாவது கெடந்துச்சா தம்பி?"

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. பாவம், கிளைட்டின் ஒரு பொத்தானாவது, ஒரு காகிதமாவது கிடைக்காதா என்கிற ஆசையில் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அக்கா" என்று சொல்ல வாயைத் திறந்தான் வெர்லன்.

"ஒண்—"

நாக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு ஒன்று தரையில் விழுந்தது. சொத்தென்று.

வாயை இறுக மூடினான். கன்னம் உப்பியது. விழுங்கினான். எல்லோரும் பார்க்க, தொண்டை ஏறி இறங்க, கண்ணில் தண்ணீர் வழிய விழுங்கினான். மறுபடி உப்பியது. உதட்டோரம் பழுப்பாய்த் தண்ணீர் வழிந்தது. முன்வரிசைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

ஹேஸல் மட்டும் குனிந்து அந்தத் தொலியை எடுத்தாள். பாவாடையில் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பல் வரிசை எனக்குத் தெரியும்... ஆனா அவர் ஜென்மத்துல கடலையை வாயில வச்சதில்ல." அவனைப் பார்த்தாள். "வெர்லன், உள்ள என்னடா இருந்துச்சு?"

வெர்லன் தலையை ஆட்டினான். ஒன்றுமில்லை என்று. அப்போதும்!

மூன்றாம் நாள், சோறு தண்ணீர் இறங்காமல், வாய் திறந்து பேசவும் முடியாமல், பழைய காலண்டர் தாளின் பின்னால் எல்லாவற்றையும் எழுதி நடீனிடம் காட்டினான். ஹேஸலுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று நடீன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினான். நடீன் தன் தம்பி ஓடெலிடம் சொன்னாள். தம்பி நம்மிடம் சொன்னான். இன்றைக்கு இந்த மைதானம் முழுக்கத் தெரியும். ஹேஸலுக்கு மட்டும் இன்னும் தெரியாது. அவன் போய்ச் சொல்லவில்லை. நாம் யாராவது போய்ச் சொன்னோமா? அதுவும் இல்லை. நாமும் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம், தூ.

"என்னடா ஓடெல்? பொய்யா?"

ஓடெல் தொப்பியைத் தூக்கவில்லை.

"இப்ப மச்சான் பேசறதே இல்ல" என்றான். "பகல்ல ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் இருப்பாரு. அக்காதான் பாவம்... தினம் விடிஞ்சதும் அவரு தலையணை உறையைக் கழட்டி எடுத்துட்டு, பின்பக்கம் வேலியோரம் போய்த் தொலியை உதறிட்டு வர்றா."