சிவப்புக் கொடி விழும்வரை

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோருக்கும் விடியற்காலையில்தான் மூளை சுறுசுறுப்பாக இருக்குமாம். எனக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஓடும். அதனால் தினமும் இரண்டு மணிக்குச் செஸ் புத்தகத்தைத் திறந்து ஆறு புதிர்கள் போடுவேன். காயைத் தொடக் கூடாது; கண்ணாலேயே கடைசிவரை பார்க்க வேண்டும். முதலில் எங்கே செக் வைக்கலாம், அப்புறம் எதை வெட்டலாம், அப்புறம் எதை மிரட்டலாம். இந்த வரிசையை ஒரு நாளும் மாற்றியதில்லை.

எட்டு மாதம் இப்படிப் பழகியது அத்தானுக்காகத்தான். பத்தொன்பது வருஷத்தில் ஓர் ஆட்டம்கூட அவரிடம் நான் ஜெயித்ததில்லை. தோற்பதுகூடப் பரவாயில்லை. காய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "மாப்ள, நீ ரொம்ப நல்லவன். இதுக்குக் கொஞ்சம் கெட்ட புத்தி வேணும்" என்பார். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வியாழக்கிழமை நீ தையல்காரரைப் பார்க்கப் போயிருந்தாய். செஸ் ஆட்டத்துக்கான இரட்டைக் கடிகாரத்தில் எங்களுக்கு ஆளுக்கு அரை மணி நேரம். அவர் ராஜாவை வெளியே இழுக்கக் குதிரையைப் பலியாக வைத்துவிட்டு, என் பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். அவர் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அதில் நாலு நிமிடம்தான் மிச்சம். அத்தான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, ஆணியில என் சட்டை தொங்குது பாரு. பையில மாத்திரை இருக்கு. எடுத்துக் குடு."

சட்டை எனக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

"உங்க நேரம் ஓடுது அத்தான்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரிக்கப் பார்த்தார். கடிகாரத்தை நிறுத்தச் சொன்னார். விதிப்படி நிறுத்தலாம். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். முள் ஏறி, சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டே போய், விட்டது. கொடி விழுந்தது. நேரம் தீர்ந்தால் தோல்வி, ஆட்டம் என்னுடையது. அதற்குப் பிறகு எழுந்து மாத்திரையை எடுத்தேன். அவரால் வாயைத் திறக்க முடியவில்லை.

நொடியில் போய்விட்டார் என்று உன்னிடம் சொன்னது பொய். மாத்திரையைக் கையில் கொடுக்காமல் போனேனே என்று நீ இன்னும் அழுதுகொண்டிருக்கிறாய். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இப்போதும் இரண்டு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறேன். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அன்றைய நிலைதான் தெரிகிறது. எதிர் நாற்காலியில் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிறார்கள். நான் நிமிர்வதில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். குதிரையை வைத்துக் கையை எடுத்த உடனேயே பார்த்துவிட்டேன்: அவர் ராஜாவுக்கு ஓரத்தில் ஒரு கட்டம் இருந்தது. அங்கே நகர்ந்திருந்தால் நான்தான் தோற்றிருப்பேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் நிதானமாக உட்கார்ந்திருந்தால், அத்தான் அதைக் கண்டுபிடித்திருப்பார், அக்கா.