கோரினின் நாலாயிரம் மணி நேரம்

உங்கள் வாரிய அலுவலக வாசற்படியில் பனியை ஒழுங்காக வாரி, வழுக்காமலிருக்க உப்பும் தூவியிருக்கிறீர்கள். டுலூத் நகரத்தில் பாதிப்பேர் இதைச் செய்வதில்லை. பிப்ரவரியில் எங்கள் ஆலோசனை நிலையத்துக்கு வருகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

என் பெயர் மார்னா ஸ்டென்பெர்க். இருபத்தாறு வருடமாக மனநல ஆலோசகர். அதில் பதினான்கு வருடம் பயிற்சி ஆலோசகர்களுக்கு மேற்பார்வையாளர். படித்து முடித்த பிள்ளைகள் என் பொறுப்பில் நாலாயிரம் மணி நேரம் வேலை செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை என் எதிரில் உட்கார்ந்து, யாரிடம் என்ன பேசினோம் என்று சொல்ல வேண்டும். நான் கையெழுத்துப் போட்டால்தான் உங்கள் வாரியம் உரிமம் தரும். கோரின் டெஸ்லருக்கு இன்னும் முந்நூறு மணி நேரம் மிச்சமிருந்தது.

அவள் நல்ல பெண். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நல்லவர்களைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது. வருகிறவர்கள் அவள் பெயரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். காபி போடும் இடத்துக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. நான் சொல்வதையெல்லாம் அவள் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டாள். கற்றுக்கொள்ளத்தான் எழுதுகிறாள் என்று நம்ப எனக்கும் ஆசைதான். அவள் வெளியே போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். நான் சொன்னவைதான் இருந்தன, ஒவ்வொன்றும் தேதியோடு. தேதி எதற்கு?

அக்டோபரில் எனக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. ஆறு வருடமாக என்னிடம் வந்துகொண்டிருந்த ஆர்வோ லெஹ்டினெனைக் கோரினிடம் விட்டுவிட்டுப் போனேன். இரும்புத்தாதுக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி போனபின் தனிக்கட்டை. மகள் மினியாபொலிஸில் இருந்தாள். ஜனவரியில் நான் திரும்பியபோது அவர் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். வரவேற்பறையில் யாருடனோ பேசிச் சிரித்தார். ஆறு வருடத்தில் நான் பார்க்காத முகம்.

உரையாடல்களின் ஒலிப்பதிவைக் கேட்க மேற்பார்வையாளருக்கு உரிமை உண்டு. கேட்டேன். ஒன்றில் அவர் அழுதுகொண்டே சொல்கிறார்: “என் பையன் உறைஞ்ச ஏரியில பனி உடைஞ்சு உள்ள போனானே, அதைப் பத்தி மார்னா ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. நீதாம்மா கேட்ட.”

அந்த இடத்தைப் பதினொரு தடவை கேட்டேன். தொனியைப் புரிந்துகொள்வதற்காக.

பிப்ரவரி முதல் வாரம், மேற்பார்வை நேரத்தில் கோரின் உட்காரக்கூட இல்லை.

“மார்னா, எனக்குப் பயமா இருக்கு. ஆர்வோவோட பையன் செத்த நாள் வரப்போகுது. மீன்பிடி சாமானையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டார். நாயையும் கொடுத்துட்டார். அவர் மகளைக் கூப்பிட்டுச் சொல்லிடணும்.”

“பயம் உன்னோடது கோரின், அவரோடது இல்ல. நீ அவர்கிட்ட ரொம்ப ஒட்டிக்கிட்ட. இனிமே நானே பார்த்துக்கறேன்.”

“நீங்களே பாருங்க, எனக்கு ஒண்ணுமில்ல. மகளுக்கு மட்டும் ஒரு போன் போட்டுடுங்க. ப்ளீஸ்.”

“உன் மணிக்கணக்குல கையெழுத்துப் போடறது யாரு?”

இதை நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவள் உட்கார்ந்தாள்.

உயிரை விட நினைக்கிறவர்களின் அறிகுறிகள் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறவளே நான்தான்.

வியாழக்கிழமை ஆர்வோ வந்தார். என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தார்.

“கோரின் இல்லையா?”

“உங்களை இனிமே பார்க்க முடியாதுன்னு அவளே சொல்லிட்டா, ஆர்வோ.”

“நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?”

நான் பதில் சொல்லவில்லை. மௌனமும் எங்கள் தொழிலில் ஒரு கருவிதான். அவர் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தப் பொண்ணுகிட்ட நான் நன்றி சொன்னேன்னு சொல்லிடுங்க” என்று எழுந்துபோனார். வேலை நெருக்கடியில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் போனில் கூப்பிட்டாள். பேச முடியாமல் பேசினாள். தன்னிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டாள். சொல்லும்படி பயிற்சி ஆலோசகரிடம் நான் அறிவுறுத்தியிருந்தேன் என்றேன். அடுத்த நாள் காலை அதையே முந்தைய வாரத்துத் தேதி போட்டுக் கணினியில் குறிப்பாக எழுதினேன். அதை வைத்துத்தான் நீங்கள் கோரினை நிறுத்தி வைத்தீர்கள். குறிப்பு எந்த நாள், எந்த நிமிடம் எழுதப்பட்டது என்பதையும் கணினி தனியாகப் பதிந்துகொள்ளும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதையும் நீங்கள் பார்த்துவிட்டீர்கள், அதனால் இனி மறைக்க ஒன்றுமில்லை.

நான் அந்த போனைப் போட்டிருந்தால் ஆர்வோ இன்று உயிரோடு இருந்திருப்பார். இன்றைக்குத் தெரிகிற மாதிரி அன்றைக்கும் தெரியும். போட்டிருந்தால் கோரின் சொன்னது சரியென்று ஆகியிருக்கும். பயிற்சியில் இருக்கிறவளுக்குத் தன்மேல் அவ்வளவு சீக்கிரம் அப்படியொரு நம்பிக்கை வந்துவிடக் கூடாது. அவளுடைய நன்மையைத்தான் நினைத்தேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? ஒரு வேண்டுகோள் மட்டும். வருகிற திங்கட்கிழமை புதிதாக ஒரு பயிற்சி ஆலோசகர் வருகிறாள். எல்லாரும் அவளை ஒரேயடியாகப் புகழ்கிறார்கள். இந்த விசாரணை முடியும்வரை அவளை வேறு யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள். என்னைப்போல அக்கறையோடு பார்த்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது.